பின்னறைக் கதவும் வாடாத நெல்லும்

என்னிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவர்களே, அதில் ஏழு சாவிகள் இருக்கும். ஆறு சாவிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிச் சாமான் அலமாரி, அமில அலமாரி, நுண்ணோக்கி அறை எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஏழாவது சாவி பெரியது, கொஞ்சம் வளைந்தது. அது பின்னறைச் சாவி. 'குழு வருகிறது' என்று ஒரு சத்தம் கேட்டால் துறையில் முதலில் தேடுவது அந்தச் சாவியைத்தான். கேட்டவர் கையில் அதைக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அதற்குமேல் என்னைப் படிக்கவைக்கப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பு இல்லை. பத்தமடையில் பாய்க்கட்டுகளை லாரியில் ஏற்றினேன். மேலப்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் பாவு சுற்றினேன். லாரி கிளீனராகப் பம்பாய் வரை போய்த் திரும்பினேன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் பதிலி ஆளாகவும் கொஞ்ச காலம். பதிலி ஆள் என்றால் காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வேலைக்கு வராவிட்டால் கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டும். ஊரில் எல்லாரும் நல்ல ஆரோக்கியமாக இருந்த மாதங்களில் நான் பட்டினி கிடந்தேன். எந்த வேலையிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை இருந்துவிட்டேன். என் கால் இங்கே நின்றதற்கு அந்தப் பின்னறைக் கதவுதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் உறை. உறையைக் கழற்றும் உரிமை துறைத்தலைவருக்கு மட்டும்தான். அவருக்கு அதை இயக்கத் தெரியாது என்பதால் உறை கழன்றதே இல்லை. தலைவர் பழைய நிலக்காரக் குடும்பம். நிலமெல்லாம் அவருடைய அப்பா காலத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்த அதிகாரத்தை அவர் துறையில் வைத்துப் பயிரிட்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், உறையைப் பிரிக்கும் முன்பே ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார்.

அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவள் இசக்கி. அப்பாவுக்கு மில்லில் வேலை. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினம் முதல் பஸ்ஸில் வருவாள். இரண்டு ரக நெல்லைத் தட்டுகளில் முளைக்கவைத்து, இரண்டுக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று கடலோரத்து நெல். உப்பைத் தாங்கும். இன்னொன்று இந்தப் பக்கத்துச் சாதாரண நெல். அது சீக்கிரமே நுனி மஞ்சளித்து வாடும். நான் வந்த புதிதில் இதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ளே, பச்சப் பயிருக்கு உப்புத் தண்ணி ஊத்துதியே? கையெட்டுத தூரத்துல ஆறு ஓடுது."

"கடலோரத்து வயலுக்குப் பக்கத்துல ஓடலையே அண்ணாச்சி. அங்கன மண்ணுல உப்புல்லா ஏறுது. எந்தப் பயிரு எப்படித் தாங்குதுன்னு தெரிய வேண்டாமா?"

ஒருநாள் நெல் தாளின் உள்தோலை உரித்து, சிவப்புச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னாள். செங்கல் அடுக்கியது போல் வரிசை வரிசையாக இருந்தது. ஒவ்வொரு செங்கல்லுக்கு உள்ளேயும் ஒரு சிவப்புப் பை.

"ஒரு செங்கல்லு ஒரு செல்லு. உள்ள தெரியுத பைக்குப் பேரு வாக்குவோல். காலி இடம்னு அர்த்தம். மொதல்ல பாத்தவங்களுக்கு அதுக்குள்ள ஒண்ணும் தெரியல, அதனால அப்படிப் பேரு வச்சிட்டாங்க."

"காலி இடத்துல என்ன இருக்கு?"

"உப்பு. வேர் வழியா வந்த உப்பு செல்லு பூரா பரவுனா உள்ள ஒரு வேலையும் நடக்காது. எல்லாம் கெட்டுப்போவும். அதனால இந்த ரகம் உப்பை அள்ளி அந்த அறைக்குள்ள ஒதுக்கிட்டு, மத்த இடத்துல அதும்பாட்டுக்கு வேலையப் பாக்குது. அந்த ரகத்துக்கு அவ்வளவு வேகமா ஒதுக்க முடியல."

"அப்ப உள்ள போட்டுப் பூட்டிருது."

"பூட்டெல்லாம் கிடையாது அண்ணாச்சி. உப்பு வெளிய கசியத்தான் பாக்கும். அந்த அறைச் சுவருலயே பம்பு மாதிரி சில இருக்கு. அது நிக்காம உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும். அதுக்குச் சாப்பாடு வேணும். சாப்பாடு தீந்தா தள்ளுததுக்கு ஆளில்ல."

"பதிலி ஆளு உண்டா?"

அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாட்ட சொன்னப்பவும் இதையேதான் கேட்டாரு."

அந்தச் சித்திரையில் அவளுடைய அப்பா மஞ்சள்காமாலையில் படுத்தார். நாலு நாள் ஊரோடு இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உப்புத் தண்ணி அளவு குறையாம பாத்துக்கோங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

அவள் போன மறுநாள் மேலிடத்திலிருந்து போன். அடுத்த மாதம் வர வேண்டிய குழு திங்கட்கிழமையே வருகிறது. இசக்கியின் உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டலாமா வேண்டாமா என்று அவர்கள்தான் பார்த்து எழுதுவார்கள். நீட்டாவிட்டால் அவள் படிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். மில் சம்பளத்தில் ஆராய்ச்சி செய்ய முடியாது.

தலைவர் ஒரு தம்ளருக்குப் பதில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். ஆய்வகத்தைச் சுற்றி வந்தவர் நெல் தட்டுகளுக்கு முன்னால் நின்றார்.

"என்னவே இது? ஒரு வரிசை பச்சைப்பசேர்னு இருக்கு, ஒரு வரிசை சாகக் கிடக்கு. பாக்கவன் என்ன நினைப்பான்? ஒரு நெல்லு வளக்கத் துப்பில்லாத துறைன்னு எழுத மாட்டானா?"

"அது அப்படித்தான் இருக்கணும்னு அந்தப் பிள்ள சொல்லிச்சே சார்."

"அது சொல்லும். கையெழுத்துப் போடுதது நான்லா? தண்ணிய மாத்தும். நல்ல தண்ணியா ஊத்தும். மஞ்சள் நுனியக் கத்தரிச்சு விடும்."

இசக்கியின் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். அந்த ஆய்வின் தலைப்புக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. தலைப்பை அவர் படித்தாரா என்பது வேறு விஷயம். அவர் படித்துப் பட்டம் வாங்கியது பாசியில்.

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் சொன்னதற்காக மட்டும் நான் ஊற்றவில்லை. எனக்கே ஊற்ற ஆசை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. காய்ச்சலோ, கண்ணெரிச்சலோ, மாமியார் சண்டையோ, எதற்கும் தாமிரபரணியில் ஒரு முழுக்குப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவோம். நெல் மட்டும் என்ன விதிவிலக்கா? ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து இரண்டு குடம் பிடித்து வந்து, தட்டுகளைக் கழுவி ஊற்றினேன். நாவிதர் மாதிரி நின்று நிதானமாக நுனி கத்தரித்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்த வரிசை நிமிர்ந்து நின்றது. எனக்கு அப்படி ஒரு பெருமை. அவள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தேன். தம்பிகளா, தங்கச்சிகளா, இந்தத் தொழிலில் அறியாமையைவிட ஆபத்தானது இரக்கம்.

அந்த வாடிய வரிசையில் மொத்தம் எட்டுத் தட்டு. ஆறு பிழைத்துக்கொண்டது. மிச்சம் இரண்டு கத்தரித்தாலும் தேறாது என்று தெரிந்ததால் நான் தண்ணீரை மாற்றாமலே வைத்திருந்தேன். "குப்பையில கொட்டும்" என்றார் தலைவர். தூக்கிக்கொண்டு போனேன். தட்டின் ஓரத்தில் இசக்கி சின்னச் சின்ன எழுத்தில் தேதி எழுதி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. அதைப் பார்த்த பிறகு கொட்டக் கை வரவில்லை. உப்புத் தண்ணீரோடு அப்படியே பின்னறைக்குக் கொண்டுபோய், சன்னலுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

பின்னறை அதற்குள் நிறைந்துவிட்டது. பதிவேட்டில் 'நல்ல நிலையில்' என்று எழுதப்பட்ட உடைந்த நுண்ணோக்கிகள் இரண்டு. வந்த நாளிலிருந்து பிரிக்காத மரப்பெட்டிகள். உலர்ந்த செடிகளை ஒட்டிவைத்துப் பூஞ்சை பிடித்த தாள்கள், கால் போன ஸ்டூல்கள். அத்தனைக்கும் மேலே, தலைவர் மத்தியானம் கொஞ்சம் 'யோசிக்கிற' கித்தான் சாய்வு நாற்காலியும், அதிகம் யோசிக்க வேண்டிய நாட்களுக்காக ஒரு பத்தமடைப் பாயும். இவ்வளவும் போட்டபின் கதவைச் சாத்தினால் கொண்டி மாட்டவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து அதை நெட்டித் தள்ளியது. கொண்டி வளைந்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை தலைவர் என்னை அந்தக் கதவோடு சேர்த்து நிறுத்தினார். "நீரு இங்கனயே முதுகக் குடுத்துச் சாஞ்சு நில்லும். அசையக் கூடாது. யாரும் கேட்டா முதுகுவலின்னு சொல்லும்."

நின்றேன். குழுவில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள். மூன்றாவது ஒரு வயதான பேராசிரியை, கோயம்புத்தூர்ப் பக்கம். அவர் தட்டுகளைப் பார்ப்பவர். அவர்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் இசக்கி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் தோளிலிருந்து கழற்றாமலே ஓடிவந்தாள். விஷயம் அவளுக்கு அன்று காலையில்தான் எட்டியிருந்தது.

பேராசிரியை கேட்டார்: "இதுல எதும்மா உப்பைத் தாங்குற ரகம்? எது தாங்காதது?"

இசக்கி வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "ரெண்டுமே தாங்குது மேடம். நம்ம துறையில எல்லாமே நல்லாத் தாங்கும்."

"ரெண்டும் தாங்குதுன்னா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?"

தலைவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"போன வாரம் வரைக்கும் இந்த வரிசை வாடித்தான் இருந்தது மேடம்" என்றாள் இசக்கி.

"போன வாரம் நாங்க வரலையேம்மா. மூணு வருஷமா உழைச்சிருக்கீங்க. வித்தியாசமே இல்லைன்னா நீட்டிப்புக்கு நான் என்னன்னு எழுதறது?"

இசக்கி வரிசையின் முன் குனிந்தாள். ஒரு இலையின் நுனியைத் தொட்டாள். கத்தரி பட்ட நுனி நேர்கோடாக இருக்கும். பிறகு தட்டின் தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. நிமிர்ந்து ஆய்வகம் முழுக்கப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'நீங்களா அண்ணாச்சி' என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அந்த இரண்டு தட்டையும் எடுத்துக் காட்ட வேண்டும். தட்டுகள் என் முதுகுக்குப் பின்னால். என் முதுகுக்குப் பின்னால் துறையின் மானமும் இருந்தது. அது கனமாகத்தான் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'அசையாதீரும்' என்றார். தினக்கூலியாகச் சேர்ந்து அப்போதுதான் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர் அவர். மில் கேட்டில் போய் நின்ற காலைகளெல்லாம் ஞாபகம் வந்தன. அதற்காகப் பெரிதாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. முதுகு வேறு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது.

நகர்ந்தேன்.

முதலில் ஸ்டூல் வந்தது. பிறகு செடித் தாள்கள். பிறகு சாய்வு நாற்காலி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அதற்குரிய மரியாதையோடு வந்து உட்கார்ந்தது. பாய் மட்டும் உருண்டு, விரிந்து, சரியாகக் குழுவின் காலடி வரை போய் நின்றது. கடிகாரத்தைப் பார்ப்பவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றப்போனார்.

"மேடம், அந்த வரிசைக்கு ஆத்துத் தண்ணி ஊத்தினது நான்" என்றேன். "எலையக் கத்தரிச்சதும் நான். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. உப்புத் தண்ணியிலயே விட்ட தட்டு ரெண்டு உள்ள கிடக்கு."

"இவன் எட்டாங்கிளாஸ் மேடம்" என்றார் தலைவர்.

"ரெண்டு தடவை சார்" என்றேன்.

மரப்பெட்டிகளின் மேல் ஏறி உள்ளே போய், இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. இசக்கி அதிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் தோள்பையைக் கீழே வைத்தாள். மூன்று தோல் உரித்தாள். கடலோர நெல்லில் ஒன்று, பின்னறைத் தட்டில் ஒன்று, நான் காப்பாற்றிய வரிசையில் ஒன்று. மூன்றுக்கும் சாயம் விட்டாள்.

பேராசிரியை நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தார். அவர் எழுந்தபின் தலைவரும் பார்த்தார். அவர் அதில் கண்ணை வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் என்னையும் விட்டார்கள். கடலோர நெல்லில் பைகள் முழுதாக, ஓரம் சுத்தமாக, சிவப்பாக நின்றன. பின்னறைத் தட்டில் பாதிக்கு மேல் பைகளையே காணோம். அறைச் சுவர் போய், சாயம் செங்கல் பூராவும் அழுக்காகப் பரவிக் கிடந்தது. என்னுடைய வரிசையில் இரண்டும் கலந்திருந்தது. வெளியே பச்சை. உள்ளே பல அறைகள் உடைந்தது உடைந்ததுதான். ஆற்றுத் தண்ணீர் அதைச் சரிசெய்யவில்லை. நான் மேலுக்குத்தான் முடி திருத்தியிருக்கிறேன்.

"வித்தியாசம் தெரியுது" என்றார் பேராசிரியை. இசக்கியிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். அவள் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு அவர் திரும்பி, நடு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியைக் காட்டினார்.

"இது எந்த ஆராய்ச்சிக்கான கருவி?"

தலைவரின் முகத்தைப் பார்த்தேன். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உப்பு அவருக்குள் எந்த அறையிலும் அடங்கவில்லை. பிள்ளையின் வேலை பிழைத்துவிட்டது. இனி இவரை வெளியே போட்டு யாருக்கு என்ன?

"எனக்கு முதுகுவலி மேடம்" என்றேன்.

பேராசிரியை என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை.

இவ்வளவும் சொன்னது இதற்காகத்தான். நெருக்கடி வந்தால் சிலதை உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். ஒன்றையும் ஒதுக்காமல் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் பரவவிட்டால் செல்லும் சாகும், துறையும் சாகும். எதை உள்ளே தள்ளுகிறோம் என்பதில்தான் புத்தி வேண்டும். நெல் உப்பைத் தள்ளுகிறது. நாங்கள் அன்றைக்கு உப்பை, அதாவது பொய்யை, வரிசையில் நிற்கவைத்து அலங்கரித்துவிட்டு, நெல்லை, அதாவது அந்தப் பிள்ளையின் உண்மையான வேலையை, கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டோம்.

இசக்கிக்கு ஒரு வருஷம் நீட்டிப்புக் கிடைத்தது. மொத்தச் சோதனையையும் முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. செய்தாள். புதுத் தட்டுகள் ஒவ்வொன்றிலும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு வரி அதிகம் இருந்தது: 'அண்ணாச்சி, வாடினாலும் ஊத்தாதீங்க.' அப்படி எழுதின பிறகும் சாவிக்கொத்தை என்னிடமேதான் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஊர் போகத் தோன்றவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. முதுகுவலிக்கு நன்றி சொல்லி வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. 'பணி நேரத்தில் ஒப்படைக்கப்பட்ட இடத்தை விட்டு அனுமதியின்றி நகர்ந்தமைக்கு விளக்கம் தருக.' இசக்கியிடம் கொண்டுபோய், "என்ன பிள்ளே எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"உள்ளத எழுதுங்க அண்ணாச்சி. அதுக்கு மேல எழுதாண்டாம்."

எழுதினேன். 'ஐயா, எனக்கு ஒப்படைக்கப்பட்ட இடம் பின்னறைக் கதவு. என் வேலை அது திறக்காமல் சாய்ந்து நிற்பது. அனுமதியின்றி நகர்ந்தது உண்மை.' தலைவர் அதைப் படித்தார். கோப்பில் வைத்தால் அடுத்த குழு படிக்கும். கிழித்துப் போட்டால் மெமோவுக்குப் பதில் எங்கே என்று அலுவலகம் கேட்கும். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் இரண்டு தலைவர்கள் வந்து போனார்கள்.

நான் ஓய்வு பெற்ற வாரம் பின்னறையை ஒழுங்குபண்ணினேன். சாய்வு நாற்காலியின் கித்தான் மடிப்புக்குள் ஒரு தாள் இருந்தது. என் கையெழுத்து, அந்த மெமோவுக்கு நான் எழுதிக்கொடுத்த பதில். மேலே ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதி அந்தப் பழைய தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதை எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். கொண்டி இப்போது நன்றாக மாட்டும். நானே மாற்றிவிட்டேன். அப்படியும் யாராவது உங்களை அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கச் சொன்னால், நில்லுங்கள், வேலைதானே. நிற்பதற்கு முன்னால் அந்தப் பெரிய சாவியைப் போட்டுத் திறந்து, சன்னலுக்குக் கீழே யாருடைய தட்டாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.